பதினான்காம் வீடும் பதினைந்து சுவர்களும்

1

மூன்று வாரங்களாகக் காலைப் பூசையில் ஒரே பாடலின் மூன்றாம் அடியில் என் நாவு இடறிக்கொண்டிருந்தது. இளமை முதல் சொல்லிவரும் பதிகம் அது. ஏட்டைப் பார்க்கும் தேவை இதுவரை எழுந்ததில்லை. ஆயினும் அந்த அடிக்கு வந்ததும் மனம் பூசையறையை விட்டு இறங்கிக் கடல் கடந்து, கோலார் தங்கவயலின் எட்டாம் லைனில், ஒரு நீண்ட தகரக் கூரையின் கடைசிக் கதவுக்கு முன்னால் போய் நின்றுவிடும். அடுத்த சொல் வராது. இறைவனிடம் பிழை பொறுக்கச் சொல்லி முதலிலிருந்து தொடங்குவேன்.

இன்று காலை இடறவில்லை. பாடல்கள் எல்லாம் தங்குதடையின்றி வந்தன. நேற்று மாலை வந்த செய்தியே காரணம். எட்டாம் லைனின் பதினான்காம் வீடு, கோலார் அலுவலகத்துக்குப் போன வரைபடத்தில் தன் இடத்துக்குத் திரும்பிவிட்டது. அந்த வீடு ஒருநாளும் அசைந்ததில்லை, அசைந்தது வரைபடம். அசைத்தவன் நான்.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வந்திறங்கிய நாளை ஆண்டுதோறும் நினைத்து, ஊரிலுள்ள அன்பர்களுக்குச் சில பக்கங்கள் எழுதுவது என் வழக்கம். இங்குள்ள வெயிலைப் பற்றியும், கோயிலில் எழுந்தருளியிருக்கும் மூர்த்திகளைப் பற்றியும், ஓர் அரசாங்கப் படிவத்தை நிரப்ப நான் பட்ட பாட்டைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். இவ்வாண்டு எழுதுவது நான் செய்த ஒரு தவற்றையும் அது திருந்திய விதத்தையும்.

2

புதிதாகப் படிப்போருக்காக என்னைப் பற்றி இரண்டு சொல். தங்கவயலில் சுரங்கத்தின் சர்வே ஆபீசில் வேலை பார்த்தவன். எட்டாம் லைனின் ஆறாம் வீட்டில் பிறந்தேன். சுரங்கம் மூடிய பின் இந்த நாட்டுக்கு வந்து, நிலங்களின் எல்லை வரைபடங்களைக் கணினியில் பராமரிக்கும் ஓர் அலுவலகத்தில் சேர்ந்தேன்.

சேர்ந்த முதல் வாரம் மூன்றாம் ‘லெவலில்’ கூட்டம் என்றார்கள். தங்கவயல்காரனுக்கு லெவல் என்றால் பூமிக்குக் கீழே எண்ணிக்கொண்டு போவது. நான் மின்தூக்கியில் அடித்தளத்துக்கு இறங்கி, கார்கள் நிறுத்தியிருந்த இருட்டில் கோப்பை அணைத்துக்கொண்டு கால்மணி நேரம் நின்றேன். கூட்டம் எனக்கு நான்கு தளம் மேலே நடந்துகொண்டிருந்தது. அங்கிருந்து தொடங்கி, ஒரு மாவட்டத்தின் எல்லைகளுக்கெல்லாம் பொறுப்பாளனாகி ஓய்வுபெற்றேன்.

அதனால்தான் கலாவதி என்னைத் தேடி வந்தாள். எட்டாம் லைன் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் அவள். தினமும் விடியற்காலை ரயிலில் பெங்களூரு போய்வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் சங்க வேலை பார்ப்பவள். எங்கள் லைன் வீடுகள் ஒரே கூரையின் கீழ் வரிசையாகச் சுரங்கக் கம்பெனி கட்டிக் கொடுத்தவை. இரண்டு மூன்று தலைமுறையாக அங்கேயே குடியிருப்போருக்கு ஹக்குப் பத்திரம், அதாவது உரிமைப் பத்திரம், கிடைக்க வழி பிறந்திருந்தது. மனுவோடு வீடுவாரியாக வரைபடம் இணைக்க வேண்டும். அளவு எடுக்க ஆள் இருக்கிறது, கணினி இருக்கிறது, எந்த முறையில் வரைபடத்தை வைத்திருப்பது என்று மட்டும் சொல்லுங்கள் அங்கிள் என்றாள்.

3

முறைகள் முக்கியமாக இரண்டு. இதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன். பின்னால் நடந்ததெல்லாம் இதிலிருந்து கிளைத்தது.

முதல் முறையில் ஒவ்வொரு மனையும் தனித்தனிக் கட்டம். நான்கு மூலைகளையும் குறித்து, கட்டத்தை மூடி, உரிமையாளர் பெயரை எழுதிவிட்டால் முடிந்தது. எளிது, விரைவு. ஆனால் அடுத்தடுத்த இரண்டு மனைகளுக்கு இடையிலுள்ள எல்லைக்கோடு இரண்டு தடவை வரையப்பட்டிருக்கும். ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று திருந்தாது. நடுவில் இடைவெளி விழும், அல்லது ஒன்றின் மேல் ஒன்று ஏறும். வரைபடம் அதைத் தானாகச் சொல்லவும் சொல்லாது.

இரண்டாம் முறையில் மனையை வரைவதில்லை; எல்லையைத்தான் வரைகிறோம். ஒவ்வொரு கோடும் ஒரே தடவை. அந்தக் கோட்டின் இடப்பக்கம் யார், வலப்பக்கம் யார், அளந்தவர் யார் என்பதெல்லாம் அதனுடனேயே இருக்கும். சுற்றியுள்ள கோடுகளிலிருந்து மனை தானாக உருவாகும். கோட்டை நகர்த்தினால் இரண்டு மனைகளும் சேர்ந்தே மாறும். தொடக்கத்தில் வேலை இரட்டிப்பு; பிற்பாடு பிழை ஒளிய இடமில்லை.

அந்தாதியைச் சொல்லிப் பழகியவருக்கு இது உடனே விளங்கும். ஒரு பாடல் முடிகிற சொல்லே அடுத்த பாடலின் முதற்சொல். அந்தச் சொல் இரண்டு பாடலுக்கும் உரியது, ஆனால் ஒன்றுதான். அதனால்தான் நூறு பாடலையும் வரிசை பிறழாமல் சொல்ல முடிகிறது. நடுவில் ஒன்றை விழுங்கிவிட்டால் அடுத்தது வாயில் பொருந்தாது. விழுங்கியது அக்கணமே தெரிந்துவிடும். என் அலுவலகத்தில் இருந்தவரை இந்த இரண்டாம் முறையைத் தவிர வேறெதையும் நான் அனுமதித்ததில்லை.

அப்படிப்பட்ட நான், கலாவதியிடம் முதல் முறையே போதும் என்றேன்.

ஏன் சொன்னேன் என்று பலமுறை என்னையே கேட்டுப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேலை செய்பவர்களுக்குச் சுமை வேண்டாம் என்ற பரிவு என்றுதான் அப்போது நினைத்தேன். உள்ளே இருந்தது வேறு. பதினான்கு தகரக் கூரை வீடுகள், நம் ஊருக்கு இது போதும் என்ற எண்ணம். இந்த நாட்டின் புல்வெளிகளுக்கு ஓர் இழை பிசகாமல் எல்லை போட்டுக் கொடுத்தவன், தான் பிறந்த வரிசைக்கு மலிவான நூலை எடுத்து நீட்டினேன். புலம்பெயர்ந்தவன் ஊருக்குச் செய்யும் உபகாரங்களில் இந்த அலட்சியம் எப்படியோ கலந்துவிடுகிறது.

4

அளவுகள் வந்தன. ஒவ்வொரு வீட்டுக்காரரும் தம் வீட்டைத் தாமே நாடா பிடித்து அளந்து தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அகலம் எல்லாருக்கும் பத்து அடி. கலாவதி கட்டங்களை வரைந்தாள். முதல் வீட்டின் மூலைக்கல் பழைய கம்பெனிக் கல். அதன் இடம் உறுதி. அங்கிருந்து ஒன்றையடுத்து ஒன்றாக இடைவெளியின்றி ஒட்டிக்கொண்டே போகச் சொன்னேன். செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிடலாமே என்றால், மேலிருந்து பார்க்கையில் பதினான்கு வீடும் ஒரே கூரை; எது எங்கே முடிகிறது என்று தெரியாது. கோடியில் ஒரு தூங்குமூஞ்சி மரம் கவிந்து கூரையின் முடிவையும் மறைத்திருந்தது. வரைபடம் பார்க்க அழகாக இருந்தது. வாழ்த்தி அனுப்பினேன்.

கோலாரிலிருந்து சர்வேயர் ஒருவர் கருவியோடு சரிபார்க்க வந்தார். முதல் வீட்டில் எல்லாம் சரி. கடைசிக்குப் போனார். பதினான்காம் வீடு தனபாக்கியத்தினுடையது. சுரங்கத்தில் கணவரை இழந்து, காலை ரயிலுக்குப் போகிறவர்களுக்கு இட்லி அவித்துக் கொடுத்து மூன்று பிள்ளைகளைக் கரையேற்றியவர். அவர் வாசலில் கருவியை நிறுத்தியபோது, நின்ற இடம் வரைபடத்தில் எந்த வீட்டுக்குள்ளும் வரவில்லை. வரிசையே அதற்கு முன்னால் முடிந்துவிட்டிருந்தது. பதினான்கு என்று எழுதிய கட்டம் பதின்மூன்றாம் வீட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. தனபாக்கியத்தின் வீடு முழுக்கச் சாலையோர நிலத்தில் இருந்தது.

சர்வேயர் நல்லவர். இது நீங்கள் கொடுத்த படம்தானே அம்மா என்று கன்னடத்தில் அமைதியாகக் கேட்டாராம். நான்கு வாரத்துக்குள் திருத்திக் கொடுத்தால் பட்டியலில் சேர்ப்போம், இல்லையென்றால் இந்த வீடு சாலை ஆக்கிரமிப்பு என்றுதான் போகும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறு கலாவதியின் கைப்பேசியில் தனபாக்கியம் வந்தார். நலம் விசாரிக்கவில்லை.

“இன்னாண்ணா, ஆஸ்திரேலியாவுல குந்திகினே என் வூட்ட தூக்கி ரோட்ல வெச்சிட்டீங்களாமே. பஸ்சு வந்தா நான் எழுந்து வழி உடணுமா?”

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சிரித்து முடித்ததும் கைப்பேசியைக் கலாவதியிடம் கொடுத்துவிட்டார்.

5

அந்த வாரம் எண்களைத் திரும்பத் திரும்பக் கூட்டினேன். பதினான்கு பத்து, நூற்று நாற்பது. கூட்டலில் பிழையில்லை. பின் ஒரு முழு வீடு எங்கே போயிற்று?

மகள் திலகா சனிக்கிழமை வந்தாள். அவளுக்குத் தங்கவயல் ‘உங்க ஊர்’. பள்ளிப்பருவத்தில் பாதி அங்கே, பாதி இந்த நாட்டில் என்று வளர்ந்தவள். வீட்டில் பேசும் மொழி என்ற கட்டத்தில் அவள் ஆங்கிலம் என்று எழுதியதை ஒருமுறை பார்த்துவிட்டு, பார்க்காதவன்போல் தாளைத் திருப்பி வைத்திருக்கிறேன். உங்க ஊர்ல யார் வீடோ போனதுக்கு நீங்க ஏன்ப்பா சாப்பிடாம இருக்கீங்க என்று கேட்டாள். கோபமாக இல்லை, உண்மையாகவே விளங்காமல்.

அன்று பக்கத்து வீட்டுக்காரர் காற்றில் சாய்ந்த வேலியை மாற்றுவது பற்றிப் பேச வந்திருந்தார். இங்கே இரு வீட்டுக்கு நடுவிலுள்ள வேலி இருவருக்கும் பொது. திலகா என் தோட்டத்துப் பக்கம் நாடாவைப் பிடிக்க, அவர் தம் பக்கம் பிடித்தார். இரண்டு அளவையும் கூட்டினால் மொத்த அகலத்துக்குக் கொஞ்சம் குறைந்தது. அவர் வேலிக் கம்பத்தைத் தட்டிக் காட்டி, இதன் கனத்தை நாம் இருவருமே விட்டுவிட்டோமே என்றார்.

நான் நாடாவை விட்டுவிட்டு உள்ளே ஓடினேன். எழுபது வயதுக்குரிய ஓட்டம்தான். கலாவதியை அழைத்து, வீடுகளை உள்ளே அளந்தீர்களா, சுவரைச் சேர்த்து அளந்தீர்களா என்று கேட்டேன்.

“உள்ளதான் அங்கிள். செவுத்த எதுக்கு அளக்கணும்? செவுரு கம்பெனிது ஆச்சே.”

நாற்காலியில் உட்கார்ந்தேன். சுவரும் கூரையும் கம்பெனியுடையவை. உள்ளே இருக்கும் காற்றும் அடுப்பும்தான் நம்முடையவை. எட்டாம் லைனில் பிறந்த யாருக்கும் இதைத் தனியாகச் சொல்லிக் கொடுத்ததில்லை. கம்பெனி போய் இருபதாண்டு கடந்தும் பதினான்கு வீட்டாரும் ஒருவரையொருவர் கேட்காமலேயே, பூச்சிலிருந்து பூச்சு வரை, சுவரைத் தொடாமல் நாடா பிடித்திருக்கிறார்கள். உலகில் வேறெந்த ஊரிலும் இப்படி ஒருமித்து அளந்திருக்க மாட்டார்கள். அந்த லைனில் பிறந்த எனக்கு மட்டும் அது நினைவில்லாமல் போயிற்று.

கணக்கு இப்போது நேரானது. வீடுகளுக்கு நடுவே பதின்மூன்று சுவர், கோடிகளில் இரண்டு, ஆகப் பதினைந்து. ஒவ்வொன்றும் முக்கால் அடி. பதினொன்றேகால் அடி வரைபடத்தில் இல்லை. தனபாக்கியத்தின் பத்தடி வீட்டை விழுங்க அது போதும். இரண்டாம் முறையைச் சொல்லியிருந்தால் முதல் நாளே இந்தக் கேள்வி எழுந்திருக்கும். சுவரைக் கேட்காமல் அந்த முறையில் ஒரு வீட்டையும் வரைய முடியாது.

திலகா கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போ அந்தம்மா வீடு கிடைச்சிடுமா என்றாள். கிடைத்துவிடும் என்று என்னால் அப்போது சொல்ல முடியவில்லை.

6

ஏனெனில் பிழையைக் கண்டுபிடிப்பது வேறு, திருத்துவது வேறு. கடைசி வீட்டை மட்டும் நகர்த்த வழியில்லை. பதினான்கு வீட்டின் வரைபடத்தையும் திரும்பப் பெற்று, புது முறையில் அளந்து, மறுபடியும் கொடுக்க வேண்டும். மற்ற பதின்மூன்று வீட்டாரும் தாம் நின்ற இடம் கொஞ்சம் முன்பின்னாக இருந்தாலும் பட்டியலில் இருந்தார்கள். கையெழுத்துப் போட்டுத் திரும்பப் பெற்றால் அவர்கள் பத்திரமும் தள்ளிப்போகும். எவ்வளவு தள்ளிப்போகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை லைன் நடுவில் பாய் விரித்துக் கூட்டம் போட்டார்கள். கலாவதி கைப்பேசியை ஒரு குடத்தின் மேல் சாய்த்து வைத்தாள். பெர்த்தில் மதிய உணவு நேரம். தவறு சங்கத்தினுடையது அல்ல, என்னுடையது என்று முதலில் சொன்னேன். அதைக் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் ஒருவர் பின் ஒருவராக, மகளுக்குக் கல்யாணம் வருகிறது, வீடு ஒழுகுகிறது, பத்திரம் இருந்தால்தான் கூரை மாற்ற முடியும் என்று தம் நிலையைச் சொன்னார்கள். எதுவும் பொய்யில்லை. நான்காம் வீட்டுக்காரர், ஒரு வூட்டுக்கோசரம் பதிமூணு வூடு நிக்கணுமா என்று தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். தனபாக்கியம் முந்தானையை மடித்துக்கொண்டிருந்தது எனக்குத் திரையில் தெரிந்தது.

பதின்மூன்றாம் வீட்டுக் கௌதமன் எழுந்தார். பூமிக்கடியில் கட்டை முட்டுக் கொடுக்கும் வேலை பார்த்தவர். புத்தர் வழியில் நிற்கும் குடும்பம். கடவுள் உண்டா என்பது பற்றி எனக்கும் அவருக்கும் இளமையிலிருந்து முடியாத வழக்கு ஒன்று உண்டு.

“அவங்க வூடு ரோடுன்னா, என் வூட்டு செவுரு இன்னா ஆவும்? தெருச் செவுரு ஆவும். நாளிக்கு எருமை வந்து ஒரசும், கட்சிக்காரன் வந்து போஸ்டர் ஒட்டுவான். அதுக்கப்புறம் நான் கடசி வூடு. அடுத்த வாட்டி படம் போட்டா நான் ரோடு. அதுக்கப்புறம் பன்னெண்டு. நீ நாலாவது தானப்பா, உனுக்கு இன்னும் நாளு கீது.”

சிரிப்பு எழுந்தது, நான்காம் வீட்டுக்காரரும் சிரித்துவிட்டார். கௌதமன் குடத்தின் பக்கம் திரும்பி, “சார், சாமி பாத்துக்கும்னு உட்றாதீங்க. இந்த வாட்டி நீங்களே பாருங்க” என்றார். நாற்பது ஆண்டு வழக்கில் அவர் என்னை வென்ற இடம் அது ஒன்றுதான். ஒப்புக்கொண்டேன். முதல் கையெழுத்தை நான்காம் வீட்டுக்காரர் போட்டார்.

7

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை முடிந்தது. இம்முறை வீட்டை அளக்கவில்லை, சுவர்களை அளந்தார்கள். கோடிச் சுவர் இரண்டுக்கும் வெளி ஓரமே கோடு; மற்ற ஒவ்வொரு சுவரின் நடுக்கோடும் ஒரே தடவை. அதன் இரு பக்கத்து வீட்டாரும் நேரில் நின்று, இதுதான் என்று ஒப்ப வேண்டும். இடப்பக்கம், வலப்பக்கம் என்ற இரண்டு இடத்திலும் பெயர் இல்லாமல் கணினி அந்தக் கோட்டை ஏற்காது. முப்பது ஆண்டாக ஒருவரோடொருவர் பேசாத எட்டாம் வீடும் ஒன்பதாம் வீடும் இதற்காக ஒரே கதவருகில் நின்றன என்று கலாவதி வியந்து சொன்னாள். பேசினார்களா என்று கேட்டேன். இல்லை அங்கிள், தலை மட்டும் ஆட்டினார்கள் என்றாள். கோட்டுக்கு அது போதுமானது.

கடைசியில் வெளிப்புறமாக மூலையிலிருந்து மூலைக்கு நீள நாடா வைத்துப் பார்த்தார்கள். நூற்று ஐம்பத்தோரு அடி மூன்று அங்குலம். கணினி தானாகக் கட்டிக்கொடுத்த நீளமும் அதுவே. சர்வேயர் மறுபடியும் வந்து, தனபாக்கியத்தின் வாசலில் கருவியை நிறுத்தி, திரையைப் பார்த்துவிட்டு அவரிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாராம். பதினான்கு வீடும் பட்டியலில் சேர்ந்த செய்தி நேற்று வந்தது. பத்திரம் கைக்கு வர இன்னும் நாளாகலாம். ஆனால் எந்த வீடும் சாலையில் இல்லை.

செய்தியைச் சொல்லிவிட்டுக் கலாவதி கைப்பேசியைத் தனபாக்கியத்திடம் கொடுத்தாள். இம்முறை நலம் விசாரித்தார். திலகாவையும் கேட்டார். பிறகு, நடுச்சுவர் இப்போது யாருடையது என்று கேட்டார். பாதி உங்களுடையது, பாதி கௌதமனுடையது, கோடு ஒன்று என்றேன்.

அப்படியானால் ஆணி அடிக்கலாமா என்றார்.

எனக்கு உடனே விளங்கவில்லை. அவரே விளக்கினார். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஓர் ஆணிகூட அடித்ததில்லையாம். கம்பெனி இன்ஸ்பெக்டர் வந்து சுவரைத் தடவிப் பார்ப்பார் என்ற அந்த நாளைய பயம். பின்னர் பயம் போய் அதுவே பழக்கமாயிற்று. நாட்காட்டியை இத்தனை வருடமும் சன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். மழை பெய்தால் தேதி நனைந்துவிடும்.

தாராளமாக அடியுங்கள் என்றேன். அவர் என் அனுமதியோடு நிறுத்திக்கொள்ளவில்லை. சுவரின் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

“அண்ணா, ஒரு ஆணி அடிக்கிறேன். உங்க பாதிக்கு வராது.”

சுவருக்கு அப்பாலிருந்து கௌதமனின் குரல் மெலிதாகக் கேட்டது. “மேலாக்க அடிம்மா. கீழ என் அலமாரி கீது.”

கைப்பேசியை எங்கோ வைத்துவிட்டார். திரையில் கூரை மட்டும் தெரிந்தது. சுத்தியல் ஓசை கேட்டது. முதல் அடி தயங்கி விழுந்தது. இரண்டாவது கொஞ்சம் துணிந்து. மூன்றும் நான்கும் அடுத்தடுத்து. ஐந்தாவது விழுவதற்குள், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கௌதமன், போதும், ஆணி நின்னுட்டுது என்றார்.